சந்துக்கு மேல சந்து

பரணை ஒழித்த அன்றைக்குத் தொடங்கியது இது. வீட்டின் பின்கட்டில் ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போடுவதாக முடிவு செய்திருந்தோம். அதற்கு முன்னால் அடுப்படிப் பரணில் கிடப்பதையெல்லாம் இறக்க வேண்டும். ஏணியில் நான், கீழே அம்மா. அண்டா, தவலை, அன்னக்கூடை, மூடி தொலைந்த தூக்குகள், ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் அடுக்குப் பாத்திரம், டபராக்கள், டம்ளர்கள், அப்புறம் சாப்பாட்டுத் தட்டுகள். இறக்க இறக்க அம்மா கூடத்தில் அடுக்கிக்கொண்டே போனாள். பெரியது அடியில், சிறியது மேலே என்பது யாருக்கும் தெரியும். அம்மாவிடம் அதற்கு மேலும் ஒரு முறை இருந்தது. ஓரம் நெளிந்த தட்டுகளைத் தனியாகப் பிரித்து, எல்லா நெளிவும் ஒரே பக்கம் வருகிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்தாள். அப்படி வைத்தால்தான் அடுக்கு ஆடாதாம்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். வடக்குச் சன்னலிலிருந்து வந்த வெளிச்சம் தட்டுகளின் விளிம்பில் மட்டும் பட்டது. 41 தட்டுகள், 41 கோடுகள். அவற்றுக்கு நடுவே கறுப்பு. நான் போய் கேமராவை எடுத்து வந்தேன்.

"என்னாத்துக்குடா இதப் போயி படம் புடிக்கிற? விக்கவா போற?"

அப்போது என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு மூன்று வருடமாக அடுக்கி வைத்த பொருள்களையே படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். போகப் போக எடுத்த படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தேன். இரண்டும் வேறு வேறு வேலை என்றுதான் முதலில் நினைத்தேன்.

எவர்சில்வர் அடுக்கைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது படுத்தும் பாடு. முதல் நாள் எடுத்த படங்களை எல்லாம் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு டம்ளரிலும் நான் இருந்தேன். கைலி கட்டிய, தொப்பை வைத்த, ஒல்லியாக நீண்டுபோன நான். பளபளப்பான பொருளைப் படம் எடுப்பது என்றால் அந்தப் பொருளை எடுப்பது கிடையாது, அதில் தெரிகிற அறையைத்தான் எடுக்கிறோம். அதனால் அறையைத் திருத்த வேண்டும். தாத்தாவின் எட்டு முழ வேட்டியைச் சன்னலுக்குக் குறுக்கே கட்டினேன். வெளிச்சம் பால் மாதிரி பரவியது. இன்னொரு வேட்டியை எனக்கும் தட்டுகளுக்கும் நடுவே தொங்கவிட்டு, லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து விட்டுக்கொண்டேன். பிறகு பத்தடி பின்னால் போய், லென்ஸை 55 மில்லிமீட்டருக்கு இழுத்து எடுத்தேன். பக்கத்தில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் அடுக்கு வயிறு பெருத்து, தலை சிறுத்துத் தெரியும். நிமிர்ந்து நிற்பதுதான் அடுக்கின் அழகே. அது சாய்ந்து தெரிந்தால் படம் போச்சு.

ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதி 1959 தொடங்கிப் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் எடுத்தார்கள். நேர் எதிரே நின்று, மந்தாரமான வானத்தில், நிழல் விழாமல் எடுப்பது அவர்கள் முறை. அவற்றை வரிசை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவார்கள். மந்தாரம் வேண்டும் என்பதை நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் அந்த வெளிச்சம் ஐப்பசி, கார்த்திகையில்தான் கிடைக்கும். அப்போது கேமராவை வெளியே எடுக்க மழை விடாது.

அடுக்கு என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதும் போகப் போகத்தான் தெரிந்தது. கும்பகோணத்தில் வெற்றிலை கவுளியில் வரும். நூறு இலை, காம்பு காம்போடு சேர்ந்து, நுனி விசிறியாக விரிந்திருக்கும். அதை அடுக்கு என்று எந்த வெற்றிலைக் கடைக்காரரும் சொல்வதில்லை. வைக்கோல் என்றால் போர். களத்தில் தூற்றிக் கிடக்கும் நெல் பொலி. மூட்டை கட்டி வரிசை வைத்துவிட்டால் அட்டி. வேதாரண்யத்தில் உப்பு குவியலாகத்தான் கிடக்கிறது, அதை யாரும் அடுக்கவில்லை. குவியலுக்கும் அடுக்குக்கும் உள்ள வித்தியாசம் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. குவியலில் மேலே ஒன்றைப் போட்டால் அது தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அடுக்கில் யாராவது ஒருவர் இடம் பார்த்து வைத்தாக வேண்டும். அடுக்கு இருக்கிற இடத்தில் கட்டாயம் ஒரு கை இருந்திருக்கிறது. காபிக் கடையில் கவிழ்த்து வைத்த டபராக் கோபுரத்திலும் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்திலும் இருக்கிறது. 1010இல் கட்டி முடித்த அந்தப் 13 நிலைகளும் கருங்கல்லின் மேல் கருங்கல் வைத்த அடுக்குதானே.

சரி, படங்களை அடுக்குவதற்கு வருகிறேன்.

தட்டுகளைச் சற்று மேலிருந்து, கிட்டே போய் எடுக்க முயன்றபோது முன் விளிம்பு கூர்மையாக வந்தால் பின் விளிம்பு கலங்கிப்போனது. லென்ஸின் துளையைச் சுருக்கிப் பார்த்தேன். எஃப் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். எஃப்/22 வரை போனால் பின்னால் தெளியும். ஆனால் ஒளி அந்தச் சின்னத் துளையில் விலகிப் படமே மொத்தமாக மழுங்கிவிடும். வழி என்னவென்றால், எஃப்/8இல் வைத்து, ஃபோகஸை முன்னாலிருந்து பின்னாலே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒன்பது படம் எடுக்க வேண்டும். கேமரா அசையக் கூடாது. ஒவ்வொரு படத்திலும் ஒரு கீற்றுதான் தெளிவாக இருக்கும். மென்பொருள் அந்தந்தத் தெளிவான கீற்றை மட்டும் வெட்டி எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்பார்கள். ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் என்று காசு கொடுத்து வாங்குகிறவை இருக்கின்றன. நான் ஹுஜின் என்ற இலவச மென்பொருள் கூடவே வரும் கருவிகளை வைத்துக்கொண்டு ஒரு சித்திரை மாதம் முழுக்க மல்லுக்கட்டினேன்.

இது ஏதோ நிபுணர் வேலை என்று நினைக்க வேண்டாம். உங்கள் கைப்பேசியும் இதைத்தான் செய்கிறது. இருட்டில் எடுக்கப் போனால் 'அசையாமல் பிடிக்கவும்' என்கிறதே, அந்த இரண்டு மூன்று வினாடியில் அது ஒரு கட்டுப் படங்களை எடுத்து, நம் கை நடுக்கத்தைச் சரிசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி பார்க்கிறது. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் வருமே, அவை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் விழும். வீட்டுச் சுவர் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். சேர்த்துச் சராசரி எடுத்தால் சுவர் தங்கும், மணல் கரையும். கரைவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 4 படம் சேர்த்தால் புள்ளி பாதியாகும், 16 சேர்த்தால் கால்பங்காகும். பாதியைப் பாதியாக்க நாலு மடங்கு உழைக்க வேண்டும். உழைப்புக்கும் பலனுக்கும் இந்த விகிதம் விவசாயிகளுக்குப் புதிதில்லை.

சராசரி என்ற விதி கையில் கிடைத்ததும் எனக்கு ஒரு கிறுக்குத்தனம் தோன்றியது. தட்டுகளை ஒவ்வொன்றாக, மேலிருந்து நேராக, ஒரே இடத்தில் வைத்து 41 படம் எடுத்தேன். எங்கள் வீட்டுத் தட்டு எதிலும் பெயர் வெட்டாமல் இருக்காது. தாத்தாவின் முதலெழுத்து, அத்தையின் காதணி விழா, சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா, 'அன்பளிப்பு' என்று மட்டும் போட்டுக் கொடுத்தவர் யாரென்று போடாத இரண்டு. பாத்திரக் கடையில் வாங்கின கையோடு பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். டிர்ர்ர் என்று அந்தக் கருவி புள்ளி புள்ளியாக எழுதும். இந்த 41 தட்டையும் சேர்த்தால் ஒரு குடும்பத்துத் தட்டு கிடைக்கும் என்று நினைத்தேன்.

கிடைத்தது கடையில் புதிதாக வாங்கின தட்டு. கீறல் இல்லை, நெளிவு இல்லை, பெயர் இல்லை. ஒவ்வொரு தட்டின் எழுத்தும் வேறு வேறு இடத்தில் இருந்ததால் 41இல் ஒரு பங்காக மங்கி, விளிம்பைச் சுற்றி லேசான சாம்பல் வளையமாக நின்றது. எழுபது வருடத்தில் எங்கள் வீட்டில் சோறு தின்ற எல்லாரும் அந்த வளையத்தில்தான் இருந்தார்கள். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.

பிறகு படித்தபோது எனக்கு முன்பே ஒருவர் இதைச் செய்து இதே இடத்தில் மாட்டிக்கொண்டது தெரிந்தது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன். 1870களின் கடைசியில் கைதிகளின் முகப்படங்களை ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். குற்றவாளிக்கென்று ஒரு முகம் இருக்கும், அடுக்கினால் அது தெளிந்து வரும் என்பது அவர் எண்ணம். வந்ததோ, தனித்தனி முகங்களைவிட லட்சணமான ஒரு சாதாரண ஆள். கொடூரம் என்று அவர் நினைத்ததெல்லாம் ஆளுக்காள் மாறுகிற சின்னச் சின்னக் கோணல்கள். சராசரியில் அவை கரைந்துபோயின. அவர் அதோடு திருந்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நல்ல இனமாக மனிதரை வளர்ப்பது என்ற விபரீதத் துறைக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் அவர்தான்.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா அடுக்குத்தொடரையும் இரட்டைக்கிளவியையும் ஒன்றாக நடத்துவார். 'பாம்பு பாம்பு' அடுக்குத்தொடர்; பிரித்தாலும் பாம்பு பாம்புதான். 'சலசல' இரட்டைக்கிளவி, பிரித்தால் 'சல' என்பதற்குப் பொருள் கிடையாது. அடுக்குத்தொடர் இரண்டு, மூன்று, நான்கு வரை அடுக்கலாம்; இரட்டைக்கிளவி இரண்டோடு சரி. படங்களை அடுக்குவதிலும் இந்த இரண்டு சாதி உண்டு என்பது என் கண்டுபிடிப்பு. (கண்டுபிடிப்பு என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.) ஃபோகஸ் ஸ்டாக்கிங் இரட்டைக்கிளவி. ஒன்பதில் ஒரு படத்தைத் தனியே எடுத்தால் ஒரு கீற்றுத் தெளிவும் மீதிக் கலங்கலும்தான், எதற்கும் ஆகாது. தட்டுகளை அடுக்கியது அடுக்குத்தொடர். ஒவ்வொரு தட்டும் தனியாக ஒரு தட்டு, ஒரு பெயர், ஒரு விசேஷம். அதனால்தான் இரட்டைக்கிளவிச் சாதியை அடுக்கும்போது ஒன்றும் தோன்றுவதில்லை. அடுக்குத்தொடர்ச் சாதியை அடுக்கும்போது எதை விட்டோம் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

மீடியன் என்று இன்னொரு விதி இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து 21 படம் எடுத்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் 21 மதிப்புகள் கிடைக்கும். அவற்றைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் வரும் பதினோராவதை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவது. ஓர் இடத்தை ஒருவர் கடந்து போனால் அவர் அங்கே இரண்டு மூன்று படத்தில்தான் இருப்பார். நடுவில் அவர் வரவே மாட்டார். கூட்டத்தைக் காணாமல் அடிக்க இதைவிட நல்ல வித்தை இல்லை. பெரிய கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தேன். ட்ரைபாட் வைக்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்பதால் திருச்சுற்று மாளிகைத் திண்ணையில் கேமராவை உட்கார வைத்துக் கால் மணி நேரத்தில் 21 படம். வீட்டுக்கு வந்து அடுக்கினால் சுற்றுலாக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், புதுமணத் தம்பதி, பலூன், எல்லாம் மாயம். வெயிலும் கல்லும் மட்டும் இருந்தன. அப்புறம், தூணில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிய ஒரு பெரியவர். கால் மணி நேரமும் அவர் அசையவே இல்லை. அந்த விதிப்படி பார்த்தால் கோயிலுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் படத்தைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அதை இங்கே எழுதக் காரணம், அடுத்த வருடம் அதே விதி எனக்குச் சிரிப்பு வராத ஓர் இடத்தில் அதே வேலையைச் செய்தது.

அதற்கு முன் நட்சத்திரங்களைச் சொல்லிவிடுகிறேன். சம்பா அறுப்பு முடிந்தபின் மாசி, பங்குனியில் இங்கே வானம் நன்றாக இருக்கும். வைக்கோல் போரை முன்னால் வைத்து அதற்குப் பின்னே நட்சத்திரங்கள் சுற்றுகிற தடத்தை எடுக்க ஆசை. 30 வினாடிப் படங்கள் 120, ஒரு மணி நேரம். பூமி மணிக்கு 15 பாகை சுற்றுவதால் ஒவ்வொரு நட்சத்திரமும் 15 பாகை வில் போடும். இதை அடுக்கும் விதி சுலபம்: ஒவ்வொரு பிக்சலுக்கும் எந்தப் படத்தில் வெளிச்சம் அதிகமோ அதை வைத்துக்கொள். துருவ நட்சத்திரம் ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கும்பகோணத்துக்கு 11 பாகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தில் வைத்தால், முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவு தாழ. தெரு விளக்கும் தென்னந்தோப்பும் இல்லாத இடம் தேடியே மூன்று ராத்திரி போனது. ஐரோப்பாவில் எடுக்கிற படங்களில் வட்டத்துக்குள் வட்டமாக வானம் முழுக்கச் சுழலும். நம் ஊரில் வட்டங்களில் பெரும்பாலானவை பாதியில் வயலுக்குள் இறங்கிவிடுகின்றன. சப்தரிஷி மண்டலம்கூட இங்கே உதித்து மறைகிற ஒன்றுதான். எனக்கு அதுதான் பிடித்தது. நடுவில் அறுவடை இயந்திரம் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு வயலைக் கடந்தது. வெளிச்சம் எதுவானாலும் வைத்துக்கொள் என்பது விதியாயிற்றே. வைக்கோல் போருக்குக் குறுக்கே சாலை போட்டது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. போரே அருகிக்கொண்டு வருகிறது. இயந்திரம் அறுத்துப் போட்ட வைக்கோலை இன்னோர் இயந்திரம் உருளை உருளையாகக் கட்டித் தள்ளுகிறது, லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. போர் போடத் தெரிந்தவரைத் தேட வேண்டிய காலம்.

இப்போது அட்டி.

எங்கள் ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டரில் நெல் கொள்முதல் நிலையம். தை பிறந்ததும் நெல் வந்து குவியும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் தார் ரோட்டிலேயே காயப்போட்டிருப்பார்கள். தூற்றி, எடை போட்டு, 40 கிலோ சிப்பமாகச் சாக்கில் தைத்து அட்டி போடுவார்கள். அடியில் கருங்கல், அதன் மேல் சவுக்குக் கட்டை, அதன் மேல் மூட்டை. ஒரு வரிசை நீளவாக்கு, அடுத்த வரிசை குறுக்குவாக்கு. ஐந்து பேர். ஆளுயரத்துக்கு மேல் போனதும் மூட்டைகளையே படியாக வைத்து ஏறுவார்கள். மேலே ஒருவர் நின்றுகொண்டு வாங்கி வைப்பார். வைத்ததும் முழங்காலால் ஒரு இடி. அந்த இடியில் மூட்டை தன் இடத்தில் உட்காரும்.

வாய்க்கால் மதகின் கட்டைச் சுவரில் கேமரா வைக்க ஓர் இடம் கண்டுபிடித்து, சுண்ணாம்பால் மூன்று புள்ளி குத்திக்கொண்டேன். காலை ஏழு மணி, 19 நாள். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், லென்ஸையும் துளைக்கும். முதல் பத்து நிமிடம் துடைப்பதிலேயே போகும். சுண்ணாம்புக் குறி இருந்தும் கேமரா தினம் மயிரிழை தள்ளித்தான் உட்கார்ந்தது. மின்கம்பத்தையும் தென்னை அடிமரத்தையும் அடையாளமாக வைத்து மென்பொருள் 19 படத்தையும் பொருத்தியது. அட்டி வளர்ந்தது, ஒன்பதாம் நாள் லாரி வந்து பாதியை ஏற்றியது, இரண்டு நாள் கழித்து மீதியும் போனது, அதே இடத்தில் மறுபடி முளைத்தது. எல்லாவற்றையும் சேர்த்து மீடியன் போட்டேன்.

அழகான படம். பொய் சொல்லவில்லை, நான் எடுத்ததில் அதுதான் அழகு. பனி சீராகிப் பட்டுத்துணி மாதிரி இருந்தது. தென்னை ஓலைகள் பச்சைப் பூச்சாகிவிட்டன. நடுவே அட்டி, கோயில் மாதிரி. ஆள் இல்லை. லாரி இல்லை, நாய் இல்லை, தைக்கிற ஊசி பிடித்துக்கொண்டு எப்போதும் வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தாகூட இல்லை. அவர் நாளுக்கொரு நிழலைப் பார்த்து இடம் மாறுகிறவர். பெரிய கோயிலில் தூங்கினவரைத் தங்க வைத்த அதே விதி இங்கே வேலை செய்தவர்களைத் துடைத்துப் போட்டது. எனக்கு உறுத்தியது. உறுத்தலோடேயே படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். "நாங்க எங்க சார்?" என்று கேட்பார்கள், அதற்கு என்ன சொல்வது என்று சைக்கிளில் போகும்போதே பதில் தயாரித்துக்கொண்டு போனேன்.

மேலே நின்று மூட்டை வாங்கி வைக்கிறவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"இது எந்த ஊரு அட்டி சார்?"

"நம்ம அட்டிதாண்ணே. இதே எடந்தான்."

"இல்ல சார். இது நிக்காது."

எனக்குப் புரியவில்லை. அவர் விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க பாருங்க. சந்துக்கு மேல சந்து வந்திருக்கு. இங்கயும். கட்டே இல்ல. இப்புடிப் போட்டா பத்தாவது வரிசையிலயே வயிறு தள்ளிரும். நாங்க இப்புடிப் போட மாட்டோம்."

குனிந்து பார்த்தேன். கீழ் வரிசைகள் இரண்டாவது அட்டியிலிருந்து வந்திருந்தன, இடது மேல்பக்கம் முதலாவதிலிருந்து. பிக்சல் பிக்சலாகப் பார்த்தால் எல்லாம் உண்மை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலையில் அங்கே இருந்தது. ஆனால் இரண்டு மூட்டைக்கு நடுவே இருக்கும் சந்தின் மேல் அடுத்த வரிசையில் மூட்டையின் வயிறு வந்து உட்கார வேண்டும், அதுதான் கட்டு. என் படத்தில் ஐந்தாறு இடத்தில் சந்துக்கு நேர் மேலே சந்து. அட்டி எந்த நாளிலும் அப்படி இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. 19 நாள் அவர் போட்ட அட்டியைத்தான் நான் படம் எடுத்தேன். அவற்றை அடுக்க உட்கார்ந்தபோது அவருக்குத் தெரிந்ததில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியவில்லை. ஆள் இல்லாததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தயாரித்த பதில் சைக்கிள் கேரியரிலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்து விதியை மாற்றினேன். நட்சத்திரத்துக்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டோம் இல்லையா, அதைத் திருப்பிப் போட்டேன்: ஒவ்வொரு பிக்சலுக்கும் எது அதிக இருட்டோ அது. பின்னால் வெள்ளைப் பனி, முன்னால் வெளிச்சத்துக்கு எதிராக நிற்கும் ஆட்கள். ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள். அட்டியின் உச்சியில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், படியில் ஏறுகிறார்கள், ஒருவர் தலையில் இன்னொருவர் கால் முளைத்திருக்கிறது. முதல் நாட்களில் தாழ நின்றவர்கள் பின்னால் வந்த மூட்டைகளுக்குள் மாட்டிக்கொண்டு, சாக்கில் எண்ணெய்க் கறை மாதிரி தெரிகிறார்கள். தென்னை ராட்சதனாக இருக்கிறது. அசிங்கமான படம்தான். மறுநாள் அதையும் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த முறை ஐந்து பேரும் கூடிவிட்டார்கள். "இது நான். இதுவும் நான். இந்தா இதும் நாந்தான், துண்டு பாரு." சந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆட்களை எண்ணவே நேரம் சரியாக இருந்தது. மேலே நிற்கிறவர் மட்டும் கடைசியில் சொன்னார்: "இதயும் எங்கயும் மாட்டாதீங்க சார். எவனாச்சும் பாத்தா இவனுவளுக்கு அட்டி போடத் தெரியலம்பான்."

மாட்டவில்லை. இரண்டு அச்சும் பீரோவில் சுருட்டியபடி இருக்கின்றன.

தளம் போட்டு முடிந்து, பாத்திரங்கள் திரும்பப் பரணுக்கு ஏறிய நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இறக்கும்போது இருந்த அதே முறையில், அம்மா கீழே நின்று எடுத்துக் கொடுக்க நான் மேலே வாங்கி வைத்தேன். தட்டுகளுக்கு வந்தபோது அடித் தட்டை அவள் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். மற்றதைவிடக் கனமானது, விளிம்பு மடித்தது. இத்தனை வருடமாக அடியிலேயே கிடந்ததால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. நான் அதையும் 41இல் ஒன்றாகத்தான் படம் எடுத்திருந்தேன், எழுத்தைப் படித்துப் பார்க்கவில்லை.

"கு.வே. யாருடா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒங்க மாமியார் பக்கமா இருக்கும்."

"அங்க யாரும் இல்ல. எங்க பக்கமும் இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "எந்தக் கல்யாணத்துல மாறி வந்துச்சோ. பந்தி முடிஞ்சு கழுவறப்ப எடுத்துட்டு வந்துருப்போம்."

"அப்ப தனியா வச்சிருவோமா? யாராவது கேட்டா குடுத்துரலாம்."

"எதுக்கு? நம்ம தட்டு ஒண்ணு அவங்க அடுக்குல கெடக்கும்ல" என்றாள். "நெளிஞ்சது எதுவும் இதுக்கு மேல வைக்காத." தட்டை என்னிடம் நீட்டினாள்.